துவக்குப் பழக்குபவளைப் பற்றி நான் விசாரித்தது

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, நாங்கள் இருக்கும் ஊரின் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இளைஞர்களுக்கான வகுப்பில் சேரப்போகிறேன் என்றாள். சுவிஸில் அது நீச்சல் வகுப்புப் போல ஒரு சாதாரண விசயம். பள்ளித் தோழி சேருகிறாள், ஆகவே இவளும் சேரவேண்டும். எனக்கோ துவக்கு என்ற சொல்லே ஆகாது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பத்தொன்பது வயதில் இலங்கையிலிருந்து ஓடிவந்தவள் நான். "பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு "மாட்டேன்" என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும்.

"சும்மா பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ. படிப்பிக்கிறவ எப்பிடியெண்டு விசாரிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

விசாரிப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை. முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரியின் இரண்டு மகன்மாரும் அதே வகுப்பில் படித்தவர்கள். "சரியான கண்டிப்பு. துவக்கின் வாய் ஒருதடவை ஆட்கள் பக்கம் திரும்பினால் போதும், அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்" என்றாள். கீழ்வீட்டுக் கிழவரும் அதையே சொன்னார். சங்கத்தைப் பற்றி இணையத்தில் தேடினேன், ஒரு குறையும் இல்லை. அது போதாதென்று ஒரு சனிக்கிழமை நேரிலே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தலைமயிரை இழுத்துக் கட்டிய ஒரு பெண், ஒவ்வொரு துவக்கிலும் குண்டு இருக்கிறதா என்று தானே எட்டிப் பார்த்து, பிறகுதான் பிள்ளைகளை எழும்பவிட்டாள். எனக்கு நெஞ்சு ஆறியது. அவள் திரும்பியபோது முகத்தைக் கண்டேன். தமிழ்ப் பிள்ளை. அடடா, எங்கட பிள்ளை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் சூரிச்சில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருக்குத் தெரியாத குடும்பம் இந்த நாட்டில் இல்லை.

"அண்ணை, இந்தச் சுடப் பழக்கிற பிள்ளை ஆற்ர பிள்ளை?"

அவர் தகப்பனின் வேலையைச் சொன்னார், பிறகு ஊரைச் சொன்னார், பிறகு அந்த ஊரில் எந்தப் பக்கம் என்றும் சொன்னார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நல்ல சனம்தான் தங்கச்சி. ஆனா எங்கட ஆக்கள் இல்லை" என்றார்.

நான் பெண் கேட்கவா போனேன்? பிள்ளைக்குக் குறிபார்க்கப் பழக்க ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனாலும் சாதியைத்தான் கேட்டேன், ஊரைக் கேட்பது போலக் கேட்டேன். பதில் கிடைத்ததும் மனம் சுருங்கியது. அப்படிச் சுருங்கவில்லை என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்.

அன்று பின்னேரம் மகளிடம், "அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லமாதிரிச் சொல்லேல்லை" என்றேன்.

"ஆர்? என்ன சொன்னவை?"

"அதெல்லாம் உனக்கு விளங்காது."

அவள் தன் அறைக்குப் போனாள். விசயம் முடிந்தது என்று நினைத்தேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பதை மறந்துபோனேன். அவள் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள்: பயிற்சியாளரைப் பற்றி அம்மா ஏதோ கூடாததாகக் கேள்விப்பட்டிருக்கிறார், பாதுகாப்புச் சம்பந்தமானது என்றால் மற்றப் பெற்றோருக்கும் தெரியவேண்டும் என்று. நாலாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"அன்ரி, சுடுற சங்கத்திலயிருந்து கதைக்கிறன். நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ. அது தெரியுமட்டும் என்னை வகுப்பு எடுக்கவேண்டாமெண்டு தலைவர் சொல்லிப்போட்டார். அதுவும் சரிதான், துவக்கு விசயம்தானே."

அவள் குரலில் கோபம் இல்லை. நான் போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, ஆரோ சும்மா சொன்னது."

"சும்மா எண்டாலும், என்ன சொன்னவை?"

"எங்கட சனத்தைத் தெரியும்தானே..." என்று இழுத்தேன். அவள், "எந்த ஊர் எண்டு விசாரிச்சிருப்பியள்" என்றாள். "அப்பிடியில்லைப் பிள்ளை" என்று நான் தொடங்கியதை அவள் முடிக்கவிடவில்லை. "சரி. அப்ப பாதுகாப்பில பிழை ஒண்டும் இல்லை. அதைச் சங்கத்துக்கு எழுதிக் குடுங்கோ, அன்ரி."

என்னுடைய ஜெர்மன் கடிதங்களை எல்லாம் மகள்தான் பார்த்துத் தருவாள். தவறாகக் கேள்விப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதி அவளிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இதை ஒருத்தரும் நம்பமாட்டினம். என்ன கேள்விப்பட்டனீங்கள் எண்டு எழுதுங்கோ. அவவின்ர பேரல்லோ கெட்டுக் கிடக்கு."

சொல்லவேண்டியதாகிவிட்டது. இந்த அழுக்குத் தெரியாமல் பிள்ளையை வளர்த்தேன் என்று பத்துப்பேரிடம் பெருமையடித்தவள் நான். இப்போது சாப்பாட்டு மேசையில் இருந்து, ஊர் என்றால் என்ன, எங்கட ஆக்கள் என்றால் யார் என்று நானே அவளுக்கு விளங்கப்படுத்தினேன். சொல்லச்சொல்ல என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அவ எங்களைப் பற்றி ஆரிட்டயும் விசாரிச்சவவோ?"

"இல்லை."

"என்ர கையில துவக்கைத் தரப்போறவ அவ. விசாரிக்கிறதெண்டால் அவவெல்லோ விசாரிச்சிருக்கவேணும்."

நான் பழைய தாளைக் கிழித்துப்போட்டு, பயிற்சியாளரின் சாதியை விசாரித்ததையும், பிறகு மகளிடம் பொய் சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தப் பெண் திரும்பவும் வகுப்பு எடுக்கத் தொடங்கினாள், மகளும் சேர்ந்தாள். முதல் நாள் பெற்றோரும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீங்கள் வரவேண்டாம் அம்மா" என்றாள் மகள். "எனக்கு வெக்கமாக் கிடக்கு."