நண்டுத் தையல்காரி

ரோடாவை ஊரே நண்டுத் தையல்காரி என்றுதான் கூப்பிடும். மாதம் தவறாமல் விரிகுடாவில் இருபது கூண்டு இறக்கி, ஏறி வருகிற நண்டு ஒவ்வொன்றின் முதுகையும் அளந்து, நோட்டில் எழுதி, மறுபடி கடலிலேயே விடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கனடாவின் மேற்குக் கரையில் இருபத்திரண்டு வருடம் மீன் டப்பா ஆலையில் நின்றவள். ஆலையை மூடியதும் தன் பழங்குடி இனத்தாரின் காவல் படகில் ஏறினாள். அப்புறம் இறங்கவேயில்லை.

ஒரு வருடம் இருபது கூண்டிலும் பொடி நண்டுதான் ஏறியது. குலத்தலைவர்கள் அவளுடைய நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசி, மூன்று வருடம் விரிகுடாவை மூடினார்கள். எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். அரசாங்கக் காகிதத்திலோ அது திறந்தே கிடந்தது. ஆக, தலைவர்களின் வாய்ச்சொல்லும் ரோடாவின் படகும்தான் பூட்டு.

நண்டு பிடிக்கத் தெற்கிலிருந்து வரும் படகுகளை அவள் ஒட்டிப்போய், முதலில் காபி கொடுப்பாள், பிறகு விஷயத்தைச் சொல்வாள். பலர் போய்விட்டார்கள். ஒரு தாடிக்காரன் மட்டும் கூண்டுகளை இறக்கிவிட்டு அசையவில்லை.

"உங்க ஆளுங்க எத்தனை நாள் கை வைக்காம இருக்காங்கன்னு பாக்கறேன்மா. அப்புறம் போறேன்."

மூடிய அந்த முதல் இலையுதிர்காலத்தில்தான் அவள் கணவன் வெஸ்லிக்குக் கல்லறைக்கல் நாட்டும் விருந்து. எட்டு ஊர் ஜனம் வரும். வெஸ்லி நண்டென்றால் உயிரை விடுவான். அவன் விருந்தில் நண்டு இல்லையென்றால் குடும்பத்துக்கே தலைகுனிவு.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு முனைக்குப் பின்னால் மூன்று கூண்டு மிதவைகளைக் கண்டாள். நீலமும் வெள்ளையும். அவளும் வெஸ்லியும் சேர்ந்து பூசிய வர்ணம். அதை எடுத்து வந்து போட்டது வெஸ்லியின் தம்பி டெல்பர்ட்டாகத்தான் இருக்கும். கூப்பிடு தூரத்தில் தாடிக்காரன் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோடாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கூண்டுகளைத் தூக்கினாள். மூன்றிலுமாக, எப்படியோ தப்பிப் பிழைத்த ஏழு பெரிய நண்டுகள். ஏழையும் அளந்தாள், எழுதினாள், விட்டாள்.

படகுத்துறையில் டெல்பர்ட் ஆத்திரத்தில் குதித்தான். "அண்ணி, அது எங்க அண்ணனுக்குப் போட்ட கூண்டு! ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறீங்க, செத்தவனுக்கு ஒரு நண்டு கூடவா கிடையாது?"

"உங்க அண்ணன் இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பான்டா. கூண்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ."

விருந்தில் சால்மன் மீன் இருந்தது, கடற்பாசி இருந்தது, நண்டு இல்லை. நடுவில் டெல்பர்ட் எழுந்தான். மூன்று மிதவைகளையும் தலைவர் காலடியில் வைத்தான்.

"மூடின தண்ணியில கூண்டு போட்டேன். எங்க அண்ணி தூக்குனாங்க. அவங்க செஞ்சதுதான் சரி."

தப்பைச் சபையில் ஒப்புக்கொண்டவன் அதைக் காதால் கேட்டவர்களுக்கெல்லாம் பரிசு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. வாங்கியவர்கள் அதற்குச் சாட்சி. அவன் வீட்டிலிருந்த போர்வைகள் அத்தனையும் அன்று எட்டு ஊருக்குப் போயின. கூடவே செய்தியும் போனது.

மறுநாள் காலை ரோடாவின் ரேடியோ கரகரத்தது. "தாடிக்காரன் பேசறேன்மா. யார் கூண்டைத் தூக்குனீங்கன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். என்னோடதை நானே தூக்கிக்கறேன்."

அதன்பிறகு ஒரு படகும் உள்ளே வரவில்லை. மூன்றாம் வருடம் அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். நண்டுக் கணக்கு இருந்தது ஒரே இடத்தில், தையல்காரியின் நோட்டில். விற்பனைப் படகுகளுக்கு விரிகுடா மூடியாயிற்று என்று காகிதம் எழுதி, தலைவர்களின் கையெழுத்துக்குக் கீழே தங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். கீழே! எங்கள் ஊரில் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

தலைவர்கள் சொன்ன மூன்று வருடமும் முடிந்து, மறுவாரம் ஊர்ச் சாப்பாட்டுக்கு முதல் கூண்டு. இப்போது காவல் படகில் அவளுக்குத் துணை டெல்பர்ட்தான். இரண்டு பேர் இழுத்தும் கூண்டு லேசில் ஏறவில்லை. உள்ளே காலோடு கால் பின்னிக்கொண்டு அத்தனையும் பெரிசு.

"அளவெடுங்க தையல்காரி!" என்று கத்தினான் அவன். கத்தும்போதே அழுதான்.

இறந்தவர்களுக்கு உணவை நெருப்பில் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று கரையில் தீ மூட்டி, இருந்ததிலேயே பெரிய நண்டை ரோடா அதில் வைத்தாள்.

"மூணு வருஷம் லேட்டு, வெஸ்லி," என்றாள். "சாப்பிடு. இன்னும் நிறைய இருக்கு."