கடைசி வீட்டுத் தண்ணீர்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. தடுப்பூசி போட ஆள் சேர்ப்பவள் என்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. குத்திக் குத்திக் கேட்பாள் என்பதும் அதில் இருந்தது.

ஆரம்பத்தில் அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தாள். குழந்தைகள் வார்டுக்கு விரிப்பு மாற்றப் போகும்போது தாய்மார்களிடம் எந்தப் பக்கம் என்று விசாரிப்பாள். பாதிப் பேர் ரயில் பாதைக்கு அப்பால் என்பார்கள். அவள் பிறந்து வளர்ந்த குடியிருப்பு அது. நோய் ஏன் எங்கள் ஆட்களையே தேடி வருகிறது என்ற கேள்வி அவளை உறுத்தியது. வேலை முடிந்ததும் பொது சுகாதாரப் பட்டயப் படிப்புக்குப் போனாள். அதே குடியிருப்பில் இருந்த அவள் அக்காவின் புருஷன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார்.

படித்து முடித்ததும் சுகாதாரக் களப்பணியாளர் வேலை கிடைத்தது. அதே குடியிருப்புக்குத்தான் அனுப்பினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. முன்பொரு முறை சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சிலர் வந்து போன கையோடு பாலத்தடி வீடுகளை இடித்துவிட்டார்கள். சூடு கண்ட பூனைகள் குடியிருப்புக்காரர்கள்.

"வீட்ல எத்தனை பேர்னு எதுக்குக் கேக்கற? இடிக்கவா?" என்றாள் கடைசி வீட்டுக்காரி, கதவிடுக்கில் நின்றபடி. உள்ளே அவள் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்கள்.

"நானும் இங்க பொறந்தவதான்."

"அதனாலதான் உன்னை அனுப்பியிருக்காங்க."

அந்தப் பதில் ஊசியக்காவைத் தூங்க விடவில்லை. தெருமுனைக் குழாயில் அவள் பரிசோதனைக்குப் பிடித்துக் கொடுத்த தண்ணீர் ஒவ்வொரு தடவையும் சுத்தம் என்றே முடிவு வந்தது. பிள்ளைகளோ மாறி மாறிப் படுத்தார்கள். முடிவுகளைத் தரும் சுகாதார அலுவலகத்து அதிகாரியம்மா எதையோ மூடி மறைக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. ஒருநாள் அதிகாரியம்மாவின் அறைக்கே போய்க் கேட்டுவிட்டாள்.

"மேடம், முடிவை யாராவது மாத்துறாங்களா?"

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க ஜனம்கிறதால நோயாளிங்க கணக்கைக் கூட்டிச் சொல்றியா?"

ஊசியக்கா நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை மேஜையில் வைத்தாள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரியம்மா, "நாளைக்குத் தண்ணி விடும்போது நானும் வரேன். தெருமுனையில வேணாம், கடைசி வீட்ல பிடிப்போம்" என்றாள்.

மறுநாள் காலை கடைசி வீட்டுக் குழாய் இருமிவிட்டு ஓடியது. சற்று நேரத்தில் நின்றுபோனது. மறுபடி வந்தபோது நிறம் மாறியிருந்தது, நாற்றமும் அடித்தது. அதிகாரியம்மா காதைத் தீட்டினாள்; தூரத்தில் ஏதோ உறுமும் சத்தம் கேட்டது.

"நமக்கு முன்னாடி குழாய்ல யாரோ மோட்டார் போட்டு உறிஞ்சறாங்க. குழாய் காலியாகும்போது தெருமுனைக்கு இந்தப் பக்கம் இருக்கிற விரிசல் வழியா சாக்கடை உள்ள இறங்குது."

சத்தம் வந்த திசையில் நடந்தார்கள். ஒவ்வொரு வாசலையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்த ஊசியக்காவின் கால்கள் அக்கா வீட்டு வாசலில் நின்றன. குளியலறையில் கவிழ்த்து வைத்த தொட்டிக்கு அடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"மாடிக்குத் தண்ணி ஏறல. யாருக்கு என்ன நஷ்டம்? எங்க பிள்ளைங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்றார் மாமா, அக்கா புருஷன்.

சமையலறை மூலையில் விலைக்கு வாங்கிய தண்ணீர் கேன் நின்றது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏன் படுக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இந்த மோட்டாரை எடுக்கணும் மாமா."

"கூடப் பொறந்தவளைக் காட்டிக் கொடுக்கத்தான் படிச்சியா?" என்றாள் அக்கா. மாமா சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் போனது. குழாயை மாற்றத்தான் அவள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. அதிகாரியம்மா எழுதிப் போட்டதில், எல்லாக் குடியிருப்புகளிலும் இனி கடைசி வீட்டில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் அவள் குடியிருப்புப் பிள்ளைகள் குறைந்தார்கள். அவள் மேலே படித்து, மேற்பார்வையாளராகவும் ஆனாள். அக்கா வீட்டைப் போட்டுக் கொடுத்து மேலே போனவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று சில சமயம் அவளே தன்னைச் சந்தேகப்பட்டாள்.

அக்கா பல வருஷம் முகம் கொடுக்கவில்லை. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஊசியக்கா துணிந்து போனாள். வாசலிலேயே அக்காவின் பார்வை அவள் பையில் விழுந்தது.

"பையில என்ன, தண்ணி பிடிக்கிற பாட்டிலா?"

"குழந்தைக்குச் சட்டை, அக்கா."

அக்கா பையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொன்னாள்.