கேப் ஹென்றி வாசல் வரை

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பார்சிப்பனியிலிருந்து கிளம்பினோம். வர்ஜீனியாவின் கேப் ஹென்றிக்கு ஏறக்குறைய 370 மைல். கூடையில் புளியோதரை, என் மடியில் தடித்த ஃபைல். பாஸ்போர்ட், விசாத் தாள்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. எச்-ஒன்-பி வேலை விசாவில் வாழும் குடும்பம் ஃபைல் இல்லாமல் ஊர் எல்லை தாண்டாது. போகிற இடத்தின் விதியைப் படிக்க மட்டும் மறந்துவிடும்.

பயணம் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலாவுக்காக. அமெரிக்க விடுதலைப் போர் பற்றிப் பள்ளியில் ப்ராஜெக்ட். நினைவிடத்தில் நின்று எடுத்த படத்துக்கு இருபது மார்க். அவள் தேர்ந்தெடுத்தது 1781 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதிய கடற்சண்டை. அதன் நினைவிடம் கேப் ஹென்றியில்.

பதினொன்றரைக்கு விரிகுடாப் பாலம் ஏறினோம். பதினேழு மைலுக்கு மேல் நீளம். அன்று இந்த விரிகுடாவில் நின்ற 24 பிரெஞ்சுக் கப்பல்கள், ஆங்கிலேயரின் 19 கப்பல்களைக் கண்டதும் நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு வெளியேறின. சூரியன் சாயும்வரை பீரங்கிச் சண்டை. பிறகு ஆங்கிலேயர் நியூயார்க் திரும்ப, கடல்வழி உதவி இல்லாமல் யார்க்டவுனில் சிக்கிய அவர்கள் படை அடுத்த மாதம் சரணடைந்தது.

பன்னிரண்டு மணி. நினைவிடம் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது என்பதே வாசலில்தான் தெரிந்தது. காவலர் ஃபைலை மரியாதையாகவே புரட்டினார். குடிமக்களுக்குத்தான் அனுமதி, இங்கே பிறந்த நிலா போகலாம், ஆனால் குடியுரிமை உள்ள பெரியவர் ஒருவர் கூட வேண்டும் என்றார்.

"விடு கவிதா, வம்பு வேணாம். டிசம்பர்ல விசா ஸ்டாம்பிங் இருக்கு," என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கடலூர்க்காரி. அதே போரின் கடைசிக் கடற்சண்டையை 1783இல் இதே இரண்டு கூட்டமும் எங்கள் கடலில்தான் நடத்தின. ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்திகூட அப்போது வந்து சேரவில்லை. வழியெல்லாம் நிலாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

"எங்க ஊர்க் கரையில இறங்குனப்ப எவன் பாஸ்போர்ட் காட்டுனான்?" என்றேன்.

பின் சீட்டிலிருந்து நிலா எட்டிப் பார்த்தாள். "பட் அம்மா, இந்த பேட்டில்ல ஒரு அமெரிக்கன் ஷிப்கூட இல்ல. தே வர் ஆல் ஃபாரினர்ஸ்." ஜன்னலை இறக்கிக் காவலரிடமும் அதையே சொன்னாள். அவர் சிரித்தார். கதவு திறக்கவில்லை.

பக்கத்து ஸ்டேட் பார்க் கடற்கரைக்குப் போனோம். வண்டி நிறுத்தப் பத்து டாலர். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. அதே தண்ணீர்தான் எதிரே கிடந்தது. படமெடுக்க நிலாவைத் தனியாக நிறுத்தினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் வா. லாஸ்ட் பேட்டில் உன் ஊர்லதான?"

திங்கட்கிழமை அந்தப் படத்தையே அட்டையில் ஒட்டிக்கொண்டு போனாள். அடியில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: இந்தப் போர் முடிந்தது என் அம்மாவின் ஊரில்.

நினைவிடம் இல்லாததால் இருபது மார்க் போகுமாம். போகட்டும்.