தொப்பியைக் கழற்றிய நாள்

பிளாஸ்டிக் கவரைப் பிரித்ததும் மூக்கில் ஏறிய அந்தப் புதுத்துணி வாசனை இன்னும் மறக்கவில்லை... நீலச் சட்டை, தோளில் பட்டை, கூடவே ஒரு தொப்பி. செக்யூரிட்டி யூனிஃபார்ம்.

ராணுவத்தில் பதினேழு வருஷம் டீசல் மெக்கானிக் நான். பனியில் விறைத்துக் கிடக்கும் லாரியைக் கிளப்பிவிட்டுத்தான் காலை டீயே குடிப்பேன். ஓய்வுபெற்று கணியம்பாடிக்கு வந்ததும், முன்னாள் படைவீரர்களுக்கு வேலை வாங்கித் தருவதாக போர்டு மாட்டியிருந்த லாங் பஜார் ஏஜென்சிக்குப் போனேன்.

அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஹைட் எவ்ளோ?"

"அஞ்சு பத்து சார். நான் மெக்கானிக்..."

"மிலிட்டரிக்காரங்களுக்கு செக்யூரிட்டிதான்பா. ஆம்பூர்ல ஷூ கம்பெனி. நாளைக்கே போ."

காவல் வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை விசாரிக்காததுதான் எரிந்தது. ஆனாலும் போனேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், மேனேஜர் கார் வந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்று.

கார் வந்தது... எனக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றேன். எங்கள் ராணுவத்தில் வெறுந்தலையோடு சல்யூட் கிடையாது.

கார்க் கண்ணாடி இறங்கியது. "இன்னாய்யா, சல்யூட் எங்க?"

"தொப்பி இல்லாம அடிக்கக் கூடாது சார்."

"அப்போ போடு!"

"போட மாட்டேன் சார். அதோ ஓடுற உங்க ஜெனரேட்டர் சத்தமே சரியில்ல. என்னைய அங்க விடுங்க, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்றேன்."

கார்க் கண்ணாடி ஏறியது. மத்தியானமே நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

"ஒரு கைய தூக்கறதுல இன்னாங்க கொறஞ்சிடப் போவுது?" என்று மனைவி அழுதாள். ஆனாலும் செய்ததற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றுவரை.

நாலு மாசம் சும்மா இருந்தேன். பிறகு வேறொரு கம்பெனியில், என்னைவிட வயதில் ரொம்பச் சின்ன இன்ஜினியருக்குக் கீழே ஹெல்பர். இன்று அங்கே மெயின்டனன்ஸ் முழுக்க என் பொறுப்பு.

இப்போது ஞாயிறுதோறும் என் வீட்டு ஷெட்டில் பெஞ்சு போட்டு முன்னாள் படைவீரர்கள் மூன்று பேர் உட்காருகிறோம். ஊர் திரும்பியவர்களின் ராணுவச் சான்றிதழில் இருப்பதை கம்பெனிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்போம். தெரிந்த ஃபேக்டரிகளுக்குப் போன் போடுவோம். அன்றைக்கு எனக்கு இப்படி ஒரு பெஞ்சு கிடைத்திருந்தால்...

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். உட்காருவதற்கு முன்பே, "அஞ்சு எட்டுண்ணே" என்றார்.

"அத சட்டை தைக்கிறவர்கிட்ட சொல்லுப்பா. மிலிட்டரில இன்னா வேலை பார்த்த?"

அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத இதுவரைக்கும் யாருமே கேக்கலண்ணே... வயர்லெஸ் ரிப்பேர்."

அதைத்தான் முதல் வரியில் எழுதினேன்.