பதினாலு நாள் மாத்திரை

அக்காவுக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரையின் பெயரைப் போனில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சொல்லவே கூசுகிறது. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ மாத்திரை தொடங்கச் சொல்லியிருந்தார்கள். நானோ ஊர்க்காரரைப் பஸ்ஸில் பார்த்தவள் மாதிரி, "அட, இது நம்ம மருந்துக்கா" என்றேன்.

அந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃப்ளூரோயுராசில் என்கிற மருந்தாக மாறும். நாலு வருடமாக என் பிஎச்.டி. ஆராய்ச்சி அந்த மூலக்கூறோடுதான். பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரி, இயற்பியல் துறையின் கடைசி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். போரானும் நைட்ரஜனும் ஓர் அணு கனத்துக்கு வலையாகப் பின்னிக் கிடக்கும் தகடு ஒன்றைத் திரையில் வரைந்து, அதன் மேல் மருந்து மூலக்கூறைப் படுக்க வைப்பேன், நிற்க வைப்பேன், கவிழ்த்து வைப்பேன். எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, ஒட்டும்போது தகட்டின் மின்குணம் எவ்வளவு மாறுகிறது என்று கம்ப்யூட்டர் நாள்கணக்கில் கணக்குப் போடும். மாற்றம் தெளிவாகத் தெரிந்தால், நோயாளியின் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சென்சாராக அந்தத் தகட்டை யாராவது செய்யலாம். என்றாவது, யாராவது. என் வேலை கணக்கோடு சரி.

மாத்திரை தொடங்குவதற்கு முந்தின நாள் அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா சிமென்ட் ஆலையில் பேக்கிங் பிரிவு, ஷிப்டுக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். அக்கா மாத்திரை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள்.

"அப்ப இந்த மருந்த நீ கண்ணால பாத்ததே இல்லியா பாப்பா?"

"இல்லக்கா. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமா?" என்று சிரித்துவிட்டு, ஓர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தா, நல்லாப் பாத்துக்க."

காலையும் மாலையும் பதினாலு நாள் சாப்பிட வேண்டும், பிறகு ஏழு நாள் ஓய்வு. ஏதாவது தொந்தரவு வந்தால் உடனே கூப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அந்தச் சீட்டையும் டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினாள். "அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? இந்த மருந்தையே படிக்கிறவ நீ இருக்கியே" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் படிப்பு வேறு, வைத்தியம் வேறு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் முதல் போன் வந்தது. மதியம், மாமா ஷிப்டில் இருந்த நேரம்.

"வாயெல்லாம் வெந்து போச்சு பாப்பா. ரசஞ்சோறுகூட எறங்கல."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் பூமியில் அனல் தரையிலிருந்தும் வரும். "சூடுக்கா. மோர் குடி, நுங்கு கெடச்சா சாப்பிடு" என்றேன். என் கண் திரையில் இருந்தது. தகட்டில் ஒரு போரான் அணுவை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்திருந்தேன். ஆற்றல் எண் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓர் இடத்தில் நின்றால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். அது நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள். "வயித்தால போவுது. காலையிலேர்ந்து எட்டு தடவ."

"மாங்கா ஊறுகா தின்னியா?"

"நேத்து கொஞ்சம் நக்குனேன்."

"அதான். ஓஆர்எஸ் வாங்கிக் குடி."

அன்று எங்களுக்குக் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, மூன்று நாள் கணக்கு பாழாகியிருந்தது. எனக்கு அந்த எரிச்சல். அவள் பேச்சை முடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் குரல் சன்னமாக இருந்தது. "உள்ளங்கையும் கால் பாதமும் தீயாட்டம் எரியுது. தோலு உரியுது. பாத்திரம் வெளக்க முடியல." சோப்பை மாற்றச் சொன்னேன். பிறகு அவளே கேட்டாள்: "மாத்திரைய வேணா ரெண்டு நாள் நிறுத்திப் பாக்கட்டா?"

"நிறுத்தாதக்கா. கோர்ஸ முழுசா முடிக்கணும்."

இதை நான் எங்கே படித்தேன், யார் சொல்லிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆன்டிபயாடிக் மாத்திரைக்குச் சொல்வது எங்கோ காதில் விழுந்து கிடந்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டுரையானாலும் முன்னுரையில் அந்த மருந்தின் ஆபத்தை நாலு வரி சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆபத்து இருந்தால்தானே சென்சாருக்கு வேலை. அந்த நாலு வரியை யாரும் புதிதாக எழுதுவதில்லை. முந்தின கட்டுரையிலிருந்து எடுத்து, முன்னதைப் பின்னதாக்கி, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் போட்டு, காப்பி சோதிக்கும் சாஃப்ட்வேரில் மாட்டாமல் பார்த்துக்கொள்வோம். மூன்று கட்டுரைகளில் நானும் அப்படித்தான் செய்திருந்தேன். வாக்கியத்தை அவ்வளவு புரட்டியவள் அதை ஒருமுறையாவது படித்திருக்கலாம்.

பதினைந்தாம் நாள் காலை என் கைடு நாலாவது கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். "முன்னுரைல காப்பி பர்சன்டேஜ் ஜாஸ்தியா காட்டுதும்மா. கொஞ்சம் மாத்தி எழுதுங்க." உட்கார்ந்து மாற்றினேன். இம்மருந்தின் அளவு ரத்தத்தில் மிகும்போது வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால்களில் எரிச்சலும் தோல் உரிதலும் தோன்றி, வெள்ளணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதில் 'தோன்றி' என்பதை 'ஏற்பட்டு' என்று ஆக்குவதற்காக ஆங்கிலத்தில் வேறு வினைச்சொல் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம் சொல்வது என் காதில் விழுந்தது. ஒரு வாரமாக அக்கா இதையேதான், இதே வரிசையில், என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மாமாவுக்கும் போட்டேன், ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் ஊர்ந்தன. ஓட்டுநர் ஒன்றை முந்தினால் அடுத்தது நின்றது. வெள்ளைத் தூசியில் எதிரே வருவது தெரியவில்லை. மாமாவை மூன்றாம் தடவை கூப்பிட்டபோது எடுத்தார், ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். "வெயில் சூடுன்னுதானே சொன்னா?" என்றார். வண்டி பிடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா தெருமுனையில் கார் பேசிக்கொண்டிருந்தார். அக்கா குளியலறை வாசலில் வெறுந்தரையில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "முடிச்சிட்டேன் பாப்பா. நேத்து ராவோட கடைசி. ஒண்ணுகூட விடல" என்றாள். நல்ல பெண்ணாக வீட்டுப்பாடத்தை ஒப்பித்த குரல் அது.

திருச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லை. சிலருடைய உடம்பு இந்த மருந்தைச் சரியாகச் சிதைத்து வெளியேற்றாது, அது ரத்தத்தில் தேங்கிவிடும் என்று அங்கிருந்த டாக்டரம்மா எனக்கு விளக்கினார். எனக்குத் தெரிந்ததுதான். பிறகு அக்காவின் கட்டில் பக்கம் குனிந்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"வாய்ப்புண் வந்தவுடனே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இத்தனை நாள் யார்கிட்டயுமே சொல்லலையா?"

மாமா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"யார்கிட்டயும் சொல்லலங்க. நானாத்தான் சூடுன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் அக்கா இறந்துபோனாள்.

நாலாவது கட்டுரை அச்சாகிவிட்டது. ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டேன். உறவில் இப்போது எல்லோரும் என்னை உண்மையாகவே டாக்டர் என்கிறார்கள், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று திருத்தினாலும் கேட்பதில்லை.

போன வாரம் மாமா கூப்பிட்டார். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், பக்கத்தில் யாரையும் காட்டவில்லையாம். உடனே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, இந்தா கெளம்பிட்டோம். எதுன்னாலும் மொதல்ல உன்னக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன் பாப்பா. ஒங்கக்கா அன்னிக்கு ஒரு வார்த்த உங்கிட்ட கேட்டிருந்தா, இன்னிக்கு இருந்திருப்பா."