அண்ணி ஒட்டிய காத்தாடி

அண்ணன் கல்யாணம் முடிந்து அண்ணி எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வரும்வரை, அங்கே படம் வரைகிறவள் நான் ஒருத்திதான். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி விடுமுறையில், ஒரு வெள்ளைக் காத்தாடி முழுக்கப் போஸ்டர் கலரில் தோகை விரித்த மயிலை வரைந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியும் ஒரு காத்தாடி செய்தாள். கலர் டிஷ்யூ காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். கடல் காற்று நன்றாக வீசியும், பெயிண்ட் கனத்தில் என் மயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டவில்லை. அண்ணியுடையது மேலே போனதும் மேற்கு வெயில் அதற்குள் புகுந்து, ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளத்தது.

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாமி, "யார் பண்ணது?" என்று கேட்டார்.

"எங்க மருமகதான்" என்றாள் அம்மா. என் படம் எதையும் அம்மா அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"இந்தா, நீ கொஞ்சம் விடு" என்று அண்ணி நூலை என்னிடம் கொடுத்தாள். அது விரலை இழுத்த இழுப்பு பிடித்துத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாடிக்கு வந்த அண்ணன், "ஏய், அவ காத்தாடிய அறுத்துடாதடி" என்றான்.

மறுநாள் காலையில் டிஷ்யூ காகிதம் வாங்க தி.நகருக்குக் கிளம்பினேன்.

"நானும் வரட்டுமா?" என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி" என்றேன்.