சரசுவுக்கு வைக்காத பத்திரிகை

எழுபதுகளில் தாம்பரத்திலிருந்து தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் எழும்பூருக்கு ஆயா வேலைக்குப் போவேன். கூட வரும் ஆபீஸ் பெண்கள் பத்துப் பேர் எனக்கு இடம் பிடித்து வைப்பார்கள், என் புளிச்சோற்றைப் புகழ்ந்து தின்பார்கள். படித்தவர்களெல்லாம் எனக்குச் சிநேகிதம் என்று ஒரே கர்வம்.

மகள் கல்யாணத்துக்குக் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அலைந்து, அவர்கள் வீடு வீடாகத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தேன். பக்கத்து வீட்டு சரசுவிடம் மட்டும், நம்மவள்தானே என்று, "வந்துடுடி" என்றதோடு சரி.

கல்யாணத்தன்று ரயில்காரிகளில் ஒருத்தியும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க பெண் வீட்டுப் பக்கத்து நாற்காலிகள் காலி. எரிச்சலோடு சமையல்கட்டுக்குப் போனால், சரசு விடியற்காலையே வந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்!

"முன்னாடி வந்து குந்துடி. சபை காலியா கீது, மானம் போவுது."

"பத்திரிகை வச்சவங்களக் குந்த வை. நான் வேலைக்கு வந்தவ."

தாலி கட்டும் நேரத்தில் இவளுக்கு வீம்பு! பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பத்திரிகையைத் தட்டில் வைத்து அடுப்பங்கரையிலேயே நீட்டினேன். முந்தானையில் கை துடைத்து வாங்கினாள்.

"நேரம் இருந்தா வர்றேன்," என்றாள். வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ரயிலில், "கல்யாணம் நல்லா முடிஞ்சுதாம்மா?" என்று அந்தப் பத்துப் பேரும் சிரித்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் அதற்கு மேல் எதுவும் தருவதாகச் சொன்னதில்லை; நானாக நினைத்துக்கொண்டது. சரசுவோ அன்று பத்திரிகை வைக்காததையே இன்றுவரை குத்திக்காட்டி என் உயிரை வாங்குகிறாள். இத்தனை வருஷம் என்மேல் கோபப்பட வேறு யார் இருக்கிறார்கள்?